புதிதாக ஹெச்டி சர்வீஸ் எடுக்கிறீர்களா? எர்த் வேலையை முதலில் முடியுங்கள்

பல்லடம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஓப்பன் எண்ட் நூல் மில் இருக்கிறது. மெஷின்கள் கூடிப்போனதும் எல்டி (தாழ்வழுத்த) சர்வீஸ் போதவில்லை. 22 கிலோவோல்ட் லைனில் ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்புக்கு மனு கொடுத்தோம், 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வாங்கினோம். யார்டில் கம்பம் நட்டு, டிரான்ஸ்பார்மரை மேடையில் ஏற்றி, விசிபி (பழுது வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) பேனலையும் வைத்து, தரைக்குக் கான்கிரீட்டும் போட்டோம். அதற்கப்புறம்தான் எர்த் குழி, அதாவது பழுது கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பைப்புக்கான குழி, தோண்டினோம். ஒப்பந்தக்காரர் கொடுத்த தாளில் எர்த்தின் தடை 0.9 ஓம் என்று இருந்தது; இது குறையக் குறைய நல்லது. ஆய்வுக்கு வந்த அதிகாரி தன் மீட்டரில் அளந்தபோது வந்தது 3.8 ஓம்.

போட்ட கான்கிரீட்டை உடைத்து, மறுபடி தோண்டி, மறுபடி மனு கொடுத்து, கரண்ட் வர இன்னும் 47 நாள் ஆனது. புது மெஷின்கள் பாலித்தீன் உறை பிரிக்காமல் நிற்க, வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதையும் நீங்களே கையால் செய்யக் கூடாது. உயர் அழுத்த வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கவும், சரியான கேள்வி கேட்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. ஃபால்ட் வந்தால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்தால் மற்ற எல்லாப் படிகளும் எளிதாகிவிடும்.

ஃபால்ட்டில், அதாவது மின்பழுதில், பல வகை உண்டு. மூன்று பேஸும் (கரண்ட் வரும் மூன்று ஒயர்களும்) ஒன்றாக முட்டுவது அபூர்வம். நூறு ஃபால்ட்டில் எழுபது எண்பது, ஒரே ஒரு பேஸ் மண்ணோடு சேர்வதுதான். அணில் ஏறுவது, இன்சுலேட்டரில் விரிசல், கேபிள் முனையைச் சரியாகக் கட்டாதது, மரக்கிளை சாய்வது எல்லாம் இந்த வகைதான். அதனால்தான் எர்த்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

எல்டி பக்கம் ஒரு கதை, ஹெச்டி பக்கம் வேறு கதை. எல்டியை முதலில் பார்ப்போம். ஒரு மோட்டாரின் பாடியில் பேஸ் ஒயர் பட்டுவிட்டது என்று வையுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிச் சேரும் பொதுமுனை) நடுவில் 250 வோல்ட். மோட்டார் பாடி 1 ஓம் உள்ள ஒரு குழிக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கும் 1 ஓம் குழி. இரண்டுக்கும் நடுவில் மண் மட்டுமே என்றால் ஓடும் கரண்ட் 250-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் 125 ஆம்பியர்தான். 400 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது ஃபால்ட் என்றே தெரியாது. மோட்டார் பாடி 125 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும், யாராவது கை வைக்கும் வரை. ஒரு குழி 1 ஓம் என்பது நல்ல ரீடிங். அப்படியிருந்தும் ஆள் சாகலாம். மெஷின் பாடியிலிருந்து டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் வரைக்கும் அறுபடாத உலோகப் பாதை, அதாவது எர்த் பட்டை, இருந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடி ஃப்யூஸ் நொடியில் போய்விடும். எல்டியில் உயிரைக் காப்பது இந்தப் பட்டையின் தொடர்ச்சிதான்.

ஹெச்டியில் நியூட்ரல் நம் யார்டில் இல்லை. அது பல கிலோமீட்டர் தள்ளி மின்வாரிய துணை மின்நிலையத்தில் இருக்கிறது. 22 கிலோவோல்ட் லைனில் ஒரு பேஸுக்கும் மண்ணுக்கும் 12,700 வோல்ட். அது நம் ஸ்ட்ரக்சரில் இறங்கினால் கரண்ட் மண் வழியாகத்தான் திரும்பிப் போயாக வேண்டும். 800 ஆம்பியர் ஓடுகிறது, நம் எர்த் 4 ஓம் என்றால், பிரேக்கர் டிரிப் ஆகும் வரை யார்டு முழுக்க 3,200 வோல்ட்டுக்கு எழும்பி நிற்கும். தரையும் இரும்பும் சேர்ந்து எழும்பினால் உள்ளே நிற்பவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. வேலிக்கு வெளியே வெறும் மண்ணில் நின்று வேலியில் கை வைத்திருப்பவர் கதிதான் மோசம். இரும்பு எழும்பிவிடும், அவர் காலடி எழும்பாது. அந்த வித்தியாசம் அவர் உடம்பு வழியாகப் போகும்.

இதற்காகத்தான் தரைக்கடியில் பட்டையை வலை மாதிரி ஓட்டுவதும், மேலே ஜல்லி பரப்புவதும். ஜல்லி அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அரை நொடி தாங்கக்கூடிய தொடு மின்னழுத்தம் வெறும் மண்ணில் 190 வோல்ட் அளவு. காலடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஜல்லி இருந்தால் அது 600 வோல்ட் பக்கம் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று சாயங்காலமே இரண்டு லோடு ஜல்லிக்குச் சொல்லிவிட்டேன்.

2. மண்ணை அளக்காமல் குழி எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்

எங்கள் நிலத்தில் மேலே நாலடி செம்மண், அதற்குக் கீழே சுக்காம்பாறை. கடப்பாரை போட்டால் கணீரென்று திரும்பி வரும். இதை முன்பே அளந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

அளப்பது சுலபம். நாலு இரும்புக் குச்சிகளை ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் அடித்து எர்த் மெக்கரில் (எர்த் தடையை அளக்கும் மீட்டர்) இணைப்பார்கள். இடைவெளியை மீட்டரில் எடுத்து, ரீடிங்கால் பெருக்கி, மறுபடி 6.28-ஆல் பெருக்கினால் மண்ணின் தடைமை, அதாவது மண் கரண்டை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, கிடைக்கும். எங்களுக்கு 3 மீட்டர் இடைவெளியில் 5.3 ஓம் வந்தது. அதாவது 100 ஓம்-மீட்டர். யார்டின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை, இடைவெளியையும் மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

100 ஓம்-மீட்டர் மண்ணில் 3 மீட்டர் நீள, 40 மில்லிமீட்டர் பைப் ஒன்று கொடுப்பது ஏறக்குறைய 30 ஓம். எங்களுக்கு மொத்தம் 11 குழி. டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு 2, அதன் பாடிக்கு 2, விசிபியும் ஸ்ட்ரக்சரும் சேர்த்து 2, இடிதாங்கிக்கு 1, ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு 2, அதன் பாடிக்கு 2. முப்பதை 11-ஆல் வகுத்தாலே 2.7 வருகிறது. குழிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்ததால் அதுவும் கிடைக்கவில்லை. 3.8 வந்ததில் வியப்பே இல்லை, 0.9 என்று எழுதித் தந்த தாளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

3. காகிதங்களை வேலைக்கு முன்பே தொடங்குங்கள்

வரிசை இதுதான்: மின்வாரியத்தில் சுமைக்கு ஒப்புதல், மின் ஆய்வுத் துறையில் வரைபட ஒப்புதல், வேலை, வேலை முடிந்த அறிக்கை, ஆய்வு, பாதுகாப்புச் சான்று, அதற்கப்புறம்தான் மின்வாரியம் லைன் கொடுக்கும். உங்கள் சுமைக்கு வரைபடம் எந்த நிலை அதிகாரியிடம் போகும் என்பதையும் கட்டணத்தையும் மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சுமையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அப்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: எர்த் எத்தனை ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எங்களிடம் கேட்டது 1 ஓம். இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை: ஒற்றைக்கோட்டு வரைபடம், யார்டு வரைபடம், எர்த் வரைபடம் தனியாக (குழி எண்களோடு), டிரான்ஸ்பார்மர், விசிபி, கேபிள் மூன்றுக்கும் டெஸ்ட் சான்று, ரிலே டெஸ்ட் அறிக்கை, எண்ணெய் டெஸ்ட் அறிக்கை, குழிவாரியாக எர்த் ரீடிங், ஒப்பந்தக்காரர் உரிமத்தின் நகல், மேற்பார்வையாளர் தகுதிச் சான்று, மெக்கரின் அளவுத்திருத்தச் சான்று. உரிமத்தில் எந்த அழுத்தம் வரை என்பதையும் காலாவதித் தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

எங்களுக்கு 9 நாளைத் தின்ற ஒரு சின்ன விஷயம்: டிரான்ஸ்பார்மர் பெயர்ப்பலகையில் இருந்த வரிசை எண்ணும் டெஸ்ட் சான்றில் இருந்த எண்ணும் ஒரு இலக்கம் வேறு. தயாரித்த இடத்திலிருந்து திருத்திய சான்று வர அத்தனை நாள் ஆனது. சரக்கு லாரியிலிருந்து இறங்கும்போதே பலகையைப் போட்டோ எடுத்து, சான்றோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள்.

4. பொருள் வாங்கும்போது அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

மீட்டருக்கு இவ்வளவு என்று விலை கேட்டால் ஏமாற்றம்தான். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை எடைக்கு விற்கும் சரக்கு. 50-க்கு 6 மில்லிமீட்டர் பட்டை மீட்டருக்கு 2.4 கிலோ. நாங்கள் கிலோ 92 ரூபாய்க்கு வாங்கினோம், மீட்டருக்கு 220 ரூபாய் ஆனது. 240 மீட்டருக்கு 53,000 ரூபாய் பக்கம். இன்றைய விலையை விசாரித்து இதே மாதிரி நீங்கள் கணக்குப் போடலாம்.

எங்களுக்கு முதலில் கொடுத்த மதிப்பீட்டில் 25-க்கு 6 பட்டை என்று இருந்தது. அது போதுமா? 500 கேவிஏ, 433 வோல்ட், 4.5 சதவீத இம்பீடன்ஸ் (டிரான்ஸ்பார்மரின் உள்தடை) என்றால் முழுச்சுமைக் கரண்ட் 667 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் வாயிலில் ஷார்ட் ஆனால் 14,800 ஆம்பியர். ஒரு நொடிக்கு, இரும்புப் பட்டையின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 80 ஆம்பியர் தாங்கும் என்பது எர்த் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 காட்டும் கணக்கு. வகுத்தால் 185 சதுர மில்லிமீட்டர் வேண்டும். 25-க்கு 6 என்பது 150 மட்டுமே. 50-க்கு 6 என்றால் 300. துருப்பிடிப்பதற்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும் அல்லவா? அதனால் 50-க்கு 6 என்று மாற்றி எழுதி வாங்கினேன். செலவு இரட்டிப்பானதைப் பார்த்து அப்பாவுக்கு மனம் வரவில்லை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

செம்புக் கம்பியையும் ஜிஐ பட்டையையும் மண்ணுக்குள் ஒன்றாக இணைக்க விடாதீர்கள். ஈரத்தில் ஜிஐ வேகமாக அரித்துப் போகும்.

5. குழி, பட்டை, இணைப்பு: கான்கிரீட்டுக்கு முன்

பைப் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். 3 மீட்டர் போடுவதுதான் வழக்கம். தகடு என்றால் 60-க்கு 60 சென்டிமீட்டர், ஜிஐ-யில் 6.3 மில்லிமீட்டர் கனம், தகட்டின் மேல் விளிம்பு தரைமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது கீழே. கட்டடச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. குழிக்குக் குழி பைப்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி, அதாவது 3 மீட்டர் பைப்புக்கு 6 மீட்டர். இடம் இல்லை என்று இரண்டு மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் குழிக்குச் செலவு செய்த காசு பாதி வீண்.

உப்பும் கரியும் கொட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் வருஷம் ரீடிங் நன்றாக வரும். மழையில் உப்பு கரைந்து போய்விடும், அதற்குள் பைப்பையும் அரித்துவிடும். எங்கள் மாதிரி மண்ணுக்குப் பென்டோனைட் களிமண் நல்லது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது போர் வண்டிதான். ஆறரை இஞ்ச் போர் மூன்று, ஒவ்வொன்றும் நூறு அடி. அடிக்கு 95 ரூபாய். உள்ளே ஜிஐ பைப்பை இறக்கி, பென்டோனைட்டைக் கூழாகக் கரைத்து அடியிலிருந்து மேலே நிரப்பினோம். 30 மீட்டர் ஆழத்துக்கும் இதே மண் என்றால் ஒரு போர் 4 ஓம் அளவு கொடுக்க வேண்டும். 3 மீட்டர் பைப்பின் 30 ஓமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு யார்டைச் சுற்றி அரை மீட்டர் ஆழத்தில் 90 மீட்டர் பட்டையை வளையமாக ஓட்டி, குழிகள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தோம். கடைசி ரீடிங் 0.92.

மண்ணுக்குள் போகும் இணைப்பு எல்லாம் வெல்டிங்தான். போல்ட் இணைப்பு மேலே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும், அதுவும் ஒரு முனைக்கு இரண்டு போல்ட். வெல்டிங் போட்ட இடத்தில் கசடைத் தட்டி எடுத்துவிட்டுத் தார் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியையும் மூடும் முன் அளவுநாடாவோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

இடிதாங்கியின் எர்த் கம்பிக்குத் தனிக் கவனம் வேண்டும். இரும்புப் பைப்புக்குள் விட்டு இறக்கக் கூடாது. மற்ற உலோகத்தைத் தொடாமல், முடிந்தவரை வளைவில்லாமல், நேராகத் தன் குழிக்கோ தரையடி வலையின் சந்திப்புக்கோ இறங்க வேண்டும். வேலிக் கதவையும் மறந்துவிடாதீர்கள். கீல் வழியாக எர்த் போகும் என்று நம்பாமல், கதவுக்கும் தூணுக்கும் நடுவில் பின்னல் செம்புப் பட்டை போட வேண்டும்.

6. ரிலே சரியாக இருந்தாலும் பேட்டரி இல்லையென்றால் பயனில்லை

ஃபால்ட்டைப் பார்ப்பது ரிலே, திறப்பது விசிபி. நடுவில் டிரிப் காயிலுக்குச் சக்தி கொடுப்பது டிசி பேட்டரி. எங்கள் பேனலில் சார்ஜர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ரிலேயை டெஸ்ட் செட் வைத்து இயக்கியபோது ரிலே கொடி விழுந்தது, பிரேக்கர் அசையவே இல்லை. பேட்டரி முனை ஒன்று பச்சை பூத்துக் கழன்றிருந்தது. நல்லவேளை, லைன் வருவதற்கு முன்பே தெரிந்தது.

அதனால் ரிலே அறிக்கையில் கையெழுத்து வாங்குவதோடு நிற்காதீர்கள். சார்ஜரை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும், உங்கள் கண் முன்னால் பிரேக்கர் டிரிப் ஆக வேண்டும். எர்த் ஃபால்ட் ரிலே, ஓவர் கரண்ட் ரிலே இரண்டையும் தனித்தனியாக. எங்கள் ஹெச்டி முழுச்சுமைக் கரண்ட் 13 ஆம்பியர்தான். எர்த் ஃபால்ட் ரிலேயை இதைவிட நன்றாகக் கீழே வைப்பார்கள். எவ்வளவு என்பதை மின்வாரியத்தின் பாதுகாப்புப் பிரிவோடு பேசி முடிவு செய்ய வேண்டும். மின்வாரியப் பக்கத்து ரிலேக்கு முன் நம் ரிலே வேலை செய்யாவிட்டால் ஃபீடர் (நமக்கும் மற்றவர்களுக்கும் கரண்ட் கொண்டுவரும் லைன்) முழுக்க அணையும்.

7. ரீடிங் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள்

எங்கள் 0.9 எப்படி வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. முந்தின நாள் டேங்கர் தண்ணீரைக் குழிகளில் ஊற்றியிருக்கிறார்கள். குச்சிகளை ஐந்து மீட்டரில் அடித்திருக்கிறார்கள். குச்சி பக்கத்தில் இருந்தால் ரீடிங் குறைவாகத்தான் காட்டும்.

தனிக் குழி என்றால் கரண்ட் குச்சி 50 மீட்டரில், அளவுக் குச்சி அதில் 62 சதவீத தூரத்தில், அதாவது 31 மீட்டரில். அளவுக் குச்சியை முன்னும் பின்னும் சில மீட்டர் நகர்த்திப் பாருங்கள். ரீடிங் பெரிதாக மாறவில்லை என்றால் சரி. முழு வலையை அளக்கும்போது இன்னும் தூரம் வேண்டும். எங்கள் யார்டின் மூலைவிட்டம் 25 மீட்டர். பக்கத்துத் தோட்டத்து வரப்பு வழியாக 125 மீட்டர் ஒயர் இழுத்தோம். கிளாம்ப் மீட்டரை மாட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். எதோடும் இணைக்காத தனிக் குழியை அதில் அளக்க முடியாது.

தனித்தனியாக அளக்க இணைப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். லைன் வருவதற்கு முன் இது பரவாயில்லை. சார்ஜ் ஆன பிறகு நியூட்ரல் எர்த்தை யாரும் கழற்றக் கூடாது.

வறண்ட பருவத்தில், வறண்ட நாளில் அளப்பதுதான் விதி. சித்திரை வைகாசியில் எடுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த ரீடிங்கை நம்பி இருக்காதீர்கள்.

8. ஆய்வு நாள்

பெரிய பயம் தேவையில்லை. ரப்பர் மேட், மண்டை ஓடு போட்ட அபாயப் பலகை, மணல் வாளி, தீயணைப்பான், மின்தாக்கு முதலுதவிப் படம் எல்லாம் இடத்தில் இருக்கட்டும். குழி மூடிகளில் எண் எழுதியிருக்கட்டும், வரைபடத்தில் உள்ள அதே எண். மேற்பார்வையாளர் கண்டிப்பாக நேரில் இருக்க வேண்டும். குறை சொன்னால் எழுத்தில் வாங்கி, சரிசெய்த போட்டோவோடு பதில் கொடுங்கள். எங்களுக்கு இரண்டாம் முறை ஆய்வு முடிந்து சான்று வர 12 நாள் ஆனது.

9. லைன் வந்த பிறகு: வேலைக்குக் கை வைக்கும் முன் எர்த் போடுவது

சார்ஜ் ஆகி நாலு மாதத்தில் டிரான்ஸ்பார்மர் புஷிங் பக்கம் எண்ணெய் கசிந்தது. விசிபி ஆஃப், ஏபி சுவிட்சும் (லைனைக் கண்ணுக்குத் தெரியப் பிரிக்கும் பிளேடு சுவிட்ச்) திறந்தாயிற்று. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் கையுறையைக் காற்றூதி ஓட்டை பார்த்து மாட்டிக்கொண்டு, டிஸ்சார்ஜ் ராடின் (தங்கிய சார்ஜை மண்ணுக்கு இறக்கும் கோல்) முனையை நீட்டிக் கேபிள் முனையைத் தொட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். தீக்குச்சி உரசின மாதிரி ஒரு நீலப் பொறி. எல்லாம் ஆஃப் ஆகி இருபது நிமிடம் ஆகியிருந்தது. 60 மீட்டர் கேபிளுக்குள் அத்தனை நேரம் சார்ஜ் தங்கியிருந்தது. வெறுங்கையால் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

வரிசை மாறாமல் செய்யுங்கள். வேலைக்கு மின்வாரிய லைனை நிறுத்த வேண்டுமென்றால் செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் எல்சி (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தியதற்கான அனுமதி). போனில் "ஆஃப் பண்ணியாச்சு" என்றால் போதாது. விசிபி ஆஃப். ஏபி சுவிட்ச் திறந்து, மூன்று பிளேடும் விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்து, பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்பவர் பையில். ஜெனரேட்டரையும் சோலாரையும் பூட்ட வேண்டும். எல்டி பக்கத்திலிருந்து 433 வோல்ட் உள்ளே போனால் அதே டிரான்ஸ்பார்மர் அதை 22,000 ஆக்கி மேலே அனுப்பிவிடும். லைனில் ஏறி நிற்பவருக்கு அது எமன். அப்புறம் மின்னழுத்தம் காட்டும் கருவியைக் கரண்ட் இருப்பது உறுதியான லைனில் சோதித்துவிட்டு இங்கே பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு, வேலை முடியும் வரைக்கான தற்காலிக எர்த் கம்பி. எர்த் பக்கக் கிளிப்பை முதலில் வலையில் இறுக்கி, பிறகுதான் பேஸில் மாட்ட வேண்டும். மூன்று பேஸும் சேர்த்து ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும். எடுக்கும்போது நேர்மாறு: பேஸ் கிளிப்கள் முதலில், எர்த் கிளிப் கடைசியில். மாற்றிச் செய்தால் அந்தக் கம்பியே ஆளை அடிக்கும்.

எத்தனை எர்த் செட் போட்டோம் என்று பேனல் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறோம். எடுக்க எடுக்க அடிக்கிறோம். எல்லாக் கோடும் அடிபட்ட பிறகுதான் எல்சியைத் திருப்பித் தருவோம். எர்த் ரீடிங் நோட்டையும் அதே அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்; குழி எண், தேதி, ரீடிங், அளந்தவர் கையெழுத்து. இந்தப் பதிவை இரண்டு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த ரீடிங் சித்திரையில்.